டூல்ஃபோர்ஜ் வழங்கியிலுள்ள தமிழ்க் கருவிகளைப் பராமரிக்கத் தன்னார்வலர்கள் தேவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியாவிலும் விக்கிமூலத்திலும் எழுதுவோர் அன்றாடம் பயன்படுத்தும் சில சிறிய மென்பொருள் கருவிகளைக் கொழும்பிலிருந்து நாங்கள் சிலர் பராமரித்து வருகிறோம். எங்களோடு சேர விரும்புவோரும், சேரலாமா என்று தயங்குவோரும் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தந்திருக்கிறோம்.

நீங்கள் யார்? எப்படிப்பட்டவர்களைத் தேடுகிறீர்கள்?

நாங்கள் பதிவு செய்யப்பட்ட அமைப்பு அல்ல. வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வசிக்கும் சிலரும், இங்கிருந்து புலம்பெயர்ந்து சென்ற பின்னும் தொடர்பு விடாத ஓரிருவரும் சேர்ந்த சிறிய குழு. ஒருவர் கணக்காளர், ஒருவர் ஆசிரியை, மற்றவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள்.

புதிய கருவி ஒன்றைச் செய்ய ஆசைப்படுவோருக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. இன்னொருவர் செய்து வைத்ததைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நாளைக்கும் ஓட வைப்பதற்கு முன்வருவோர்தான் கிடைப்பதில்லை. நாங்கள் தேடுவது இந்த இரண்டாவது வகையினரை. ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. இப்போது பாதிக் கருவிகளில் அந்த இரண்டாவது இடம் வெறுமையாக இருக்கிறது.

டூல்ஃபோர்ஜ் என்றால் என்ன?

விக்கிமீடியா அறக்கட்டளையின் மேகக்கணிமைப் பிரிவு, விக்கித் திட்டங்களுக்கு உதவும் கருவிகளை யாரும் இலவசமாக இயக்குவதற்கென்று நடத்தும் பொது வழங்கி (சேர்வர்) அது. இதற்கு முன்னோடியாக, விக்கிமீடியாவின் ஜெர்மானியக் கிளை 2005ஆம் ஆண்டு முதல் டூல்சேர்வர் என்ற பெயரில் ஒரு வழங்கியை நடத்தி வந்தது. அது 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது, கருவிகள் அனைத்தும் டூல் லாப்ஸ் என்ற புதிய இடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அந்த டூல் லாப்ஸ்தான் 2017இல் டூல்ஃபோர்ஜ் என்று பெயர் மாறியது.

பொது வழங்கி என்பதை வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீடுகள் தனித்தனி, தண்ணீர்த் தாங்கி ஒன்று. மூன்றாம் மாடிக்காரர் குழாயை மூட மறந்தால் ஏழாம் மாடிக்காரர் குளிக்க முடியாது. அதைப் போலவே, எல்லோரும் புகுபதிகை செய்யும் வாயில் கணினியில் ஒருவர் கனமான வேலை ஒன்றை ஓட விட்டால், உலகெங்குமுள்ள மற்றப் பராமரிப்பாளர்களின் திரை உறைந்து போகும். கனமான வேலைகளை அதற்கென உள்ள பணி வரிசைக்கு அனுப்ப வேண்டும் என்பதே நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளப் போகும் ஒழுங்கு.

ஒருமுறை எழுதி முடித்த கருவி தானாக ஓடும்தானே? பராமரிக்க ஆள் எதற்கு?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கருவியின் நிரலில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இலங்கையைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இருந்து, தமிழில் இல்லாத தலைப்புகளைப் பட்டியலிடும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஆங்கில விக்கியின் தரவுத்தள நகலையும் தமிழ் விக்கியின் தரவுத்தள நகலையும் ஒரே வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வியில், இணைத்துப் பார்த்து விடை சொல்லி வந்தது. 2021இல் அந்த நகல்கள் வெவ்வேறு வழங்கிகளுக்குப் பிரிக்கப்பட்டன, ஒரே வினவலில் இரண்டையும் இணைக்கும் வழி அன்றோடு அடைபட்டது. அதன் பின் இரண்டு பட்டியல்களையும் தனித்தனியே எடுத்து, நிரலுக்குள்ளேயே ஒப்பிட வேண்டியதாயிற்று. அதைச் சரிசெய்து மூச்சு விடுவதற்குள், வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் பயன்படும் ஆயத்தத் துண்டுகள்) எந்தெந்தப் பக்கங்களில் பயன்படுகின்றன என்று காட்டும் அட்டவணையிலிருந்து தலைப்பு நெடுவரிசை நீக்கப்பட்டு, வேறோர் அட்டவணையைச் சுட்டும் எண் அந்த இடத்துக்கு வந்தது. இரண்டும் நல்ல காரணங்களுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள், முன்கூட்டியே அறிவிக்கவும்பட்டன. அறிவிப்பை வாசித்துத் திருத்த ஒருவர் இருந்த கருவிகள் பிழைத்தன.

ஆள் இல்லாத கருவிகளுக்கு என்ன நேரும் என்பதை 2024 மார்ச்சில் கண்டோம். பின்னணி வேலைகளை ஓட்டி வந்த கிரிட் எஞ்சின் என்ற பழைய முறை, அந்த மாதம் 14ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. எல்லாக் கருவிகளையும் அதற்குள் குபர்னெட்டிஸ் என்ற புதிய முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் நாள்தோறும் பயன்படுத்திய ஒரு கருவி மாற்றப்படவில்லை. அதன் ஒரே பராமரிப்பாளர் மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்திருந்தார், பதிவில் இருந்ததோ அவர் மாணவராக இருந்த காலத்து மின்னஞ்சல் முகவரி. நினைவூட்டல்கள் எல்லாம் எவரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்தன. நிரலின் பிரதி வேறெங்கும் இல்லை, வழங்கியில் அவருடைய கருவிக் கணக்குக்குள் மட்டுமே இருந்தது. உறவினர் ஒருவரின் திருமண வீட்டில் தற்செயலாக அவருடைய தம்பியைச் சந்தித்து, பராமரிப்பாளரின் தொலைபேசி எண்ணை வாங்கினோம். தொலைபேசியில் பிடித்தபோது அவர் பதறிப் போனார், அன்றிரவே எங்களில் ஒருவரைப் பராமரிப்பாளராகச் சேர்த்தும் விட்டார். கருவியை மாற்றி ஓட வைக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது, ஆளைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் சென்றது.

நான் நிரலாளர் இல்லை. சேரலாமா?

சேரலாம். கருவி ஓடுகிறதா என்று பார்ப்பது, வழுவை (மென்பொருள் பிழையை) அறிவிப்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்டு விவரம் எடுப்பது, தமிழ் இடைமுகச் சொற்களைத் திருத்துவது, கையேட்டை எழுதுவது எல்லாம் பராமரிப்பில் அடங்கும். உண்மையைச் சொன்னால், எங்கள் கையேடுகளில் மிகத் தெளிவானவற்றை எழுதியவர் நிரல் தெரியாத அந்த ஆசிரியைதான். தனக்கு விளங்காத எதையும் அவர் எழுத விடுவதில்லை.

நிரல் பக்கம் வர விரும்பினால், ஓரளவு பைதான் வாசிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் கருவிகளில் பெரும்பாலானவை பைதானிலும் சில பிஎச்பியிலும் எழுதப்பட்டவை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சாதாரண காலத்தில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். பெரிய மாற்றம் அறிவிக்கப்படும் மாதங்களில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கூடுதலாகத் தேவைப்படும். ஆறு மாதமாவது நிற்க முடியாதவர்களைப் பராமரிப்பாளராகச் சேர்ப்பதில்லை, அதற்குக் குறைந்த காலமென்றால் வழு திருத்துவதில் மட்டும் உதவலாம்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

வழங்கி அமெரிக்காவின் வேர்ஜினியாவில் இருக்கிறது, நம் மின்வெட்டு அதைத் தொடாது. நம்மைத்தான் தொடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்தபோது, கொழும்பிலிருந்த எவராலும் ஒழுங்காகப் புகுபதிகை செய்ய முடியவில்லை, ரொறன்ரோவில் இருந்த நண்பர் ஒருவரே எல்லாக் கருவிகளையும் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து, இயன்றவரை ஒரு கருவியின் இரண்டு பராமரிப்பாளர்களும் ஒரே நாட்டில் இருக்காதவாறு பார்த்துக்கொள்கிறோம்.

சேர்ந்தவுடன் முதலில் என்ன நடக்கும்?

விக்கிமீடியாவின் உருவாக்குநர் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். அது விக்கிப்பீடியாவில் தொகுப்பதற்கான பயனர் கணக்கிலிருந்து வேறானது, பலர் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். பின்பு உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் சாவி இணை ஒன்றை (வழங்கிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் பொதுச் சாவி, தனிச்சாவி என்ற சோடியை) உருவாக்கி, அதன் பொதுச் சாவியை மட்டும் கணக்கில் ஏற்ற வேண்டும். தனிச்சாவியை எங்களுக்கு அனுப்பி விடாதீர்கள். ஆர்வத்தில் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் புதிய இணை செய்ய வேண்டியதாயிற்று. அடுத்து டூல்ஃபோர்ஜ் உறுப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை மனிதர்களே வாசித்து முடிவு செய்வதால், எந்தக் கருவிக்காக வருகிறீர்கள் என்று இரண்டு வரி தெளிவாக எழுதுவது நல்லது.

அனுமதி கிடைத்ததும் கருவியின் பராமரிப்பாளர் பட்டியலில் உங்களைச் சேர்ப்போம். வழங்கியில் ஒவ்வொரு கருவிக்கும் அதற்கே உரிய கணக்கு உண்டு. நீங்கள் உங்கள் பெயரில் உள்ளே நுழைந்து, ஒரு கட்டளை மூலம் அந்தக் கருவியாக மாறி வேலை செய்வீர்கள். ஆகவே ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கெட்ட பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

தமிழுக்கென்று தனியான வழுக்கள் உண்டா?

நிறைய உண்டு. வேறு எவரும் நமக்காகத் திருத்தித் தர மாட்டாத வழுக்கள் இவை.

'கொழும்பு' என்ற சொல்லையே பாருங்கள். அதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. விக்கி மென்பொருள் உள்ளே வரும் எழுத்துகளை ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றியே சேமிக்கிறது. ஆனால் பழைய எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக வந்த ஊர்ப் பட்டியல் இரண்டு குறி வடிவில் இருந்தால், நம் கருவி இரண்டையும் ஒப்பிட்டு, கொழும்பு என்ற தலைப்பில் கட்டுரையே இல்லை என்று சாதிக்கும். இப்படி ஒரு கருவி சொல்லி, அதை நம்பிய ஒருவர் கொழும்புக்குப் புதிய கட்டுரை தொடங்கப் போனார். பைதானில் சீர்வடிவாக்கத்துக்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரி எங்கே தேவை என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது பிடித்தது.

'கௌரி'யின் கதை இன்னும் சிக்கலானது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டி 'கெளரி' என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இங்கே ளகரம் வேறோர் எழுத்து என்பதால் சீர்வடிவாக்கம் இதைத் தொடாது. எல்லாவற்றையும் தானாக மாற்றச் சொல்லிக் கட்டளையிட்டால், 'தெளிவு'கூடத் தெளிவில்லாமல் போய்விடும். ஆகவே இதற்குப் பட்டியல் வைத்து, மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே திருத்துகிறோம்.

நேரமும் இப்படித்தான். வழங்கி உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது, அதன் நள்ளிரவு நமக்கு அதிகாலை 5:30. 'இன்றைய புதிய கட்டுரைகள்' என்ற பட்டியலில், கொழும்பில் அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் கண் விழித்து எழுதிய கட்டுரை நேற்றைய கணக்கில் சேர்ந்துவிடும். அதற்காக ஐந்தரை மணித்தியாலத்தை நிரலில் நேரடியாகக் கூட்டி விடுவதும் சரியல்ல. இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொண்டு வந்து, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டெம்பர் 30 அன்று தொடங்கிய காலத்தில், கொழும்பின் நேரம் பொது நேரத்தைவிட ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. ஆரம்பகாலத் தொகுப்புகளை உள்ளூர் நேரத்தில் காட்ட வேண்டுமானால், எண்ணைக் கூட்டாமல் கொழும்பு என்ற நேர வலயப் பெயரைப் பயன்படுத்த வேண்டும். இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். தேவை என்பது என் அபிப்பிராயம்.

தானியங்கிகள் இலங்கைத் தமிழை 'திருத்தி' விடுகின்றன என்று சொல்கிறார்களே?

அந்தக் கவலை நியாயமானது. நாம் யப்பான், மொஸ்கோ, ரொறன்ரோ, அவுஸ்திரேலியா என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ஜப்பான், மாஸ்கோ, டொராண்டோ, ஆஸ்திரேலியா என்று எழுதுகிறார்கள். இரண்டும் வழக்கு, எதுவும் பிழையன்று. எழுத்துப்பிழைப் பட்டியல் ஒன்றை ஒரு கரையைச் சேர்ந்தவர்கள் மட்டும் தயாரித்தால், மறு கரையின் சொற்கள் பிழைகளாக அதில் ஏறிவிடும். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லாததால் நடப்பது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பராமரிப்பாளர்கள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இன்னொன்று: பக்கங்களைத் தானாகத் தொகுக்கும் எந்தத் தானியங்கிக்கும் விக்கிச் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும். விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நோக்கத்தைச் சொல்லி, சில தொகுப்புகளைச் சோதனையாகச் செய்து காட்டி, எதிர்ப்பு இல்லையென்று கண்ட பின்பே தானியங்கி அணுக்கம் (தானியங்கிக் கணக்குக்கான சிறப்பு உரிமை) கேட்க வேண்டும்.

தனிப்பட்ட தரவுகள், இரகசியங்கள் தொடர்பாக என்ன கவனிக்க வேண்டும்?

பொது வழங்கியில் கோப்புகள் பெரும்பாலும் பிற பயனர்கள் படிக்கக்கூடிய அனுமதியோடுதான் உருவாகும். கடவுச்சொல், திறவுச்சொல் உள்ள கோப்பின் அனுமதியை நீங்களே சுருக்க வேண்டும். அவற்றை நிரலுக்குள் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் (நிரலின் பழைய வடிவங்களையும் சேர்த்துக் காக்கும் இடத்தில்) ஏற்றி விட்டால், பின்பு நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். அப்படி நடந்தால் மறைக்க முயலாமல் உடனே மாற்றுங்கள். விக்கிப் பயனரின் கடவுச்சொல்லைக் கருவி ஒருபோதும் கேட்கக் கூடாது, கடவுச்சொல்லைத் தராமலே கருவிக்கு அனுமதி வழங்கும் ஓஆத் முறை அதற்கு உள்ளது.

பலருக்குத் தோன்றாத ஒன்று எழுத்துரு. அழகான தமிழ் எழுத்துருவை வெளி நிறுவனம் ஒன்றின் வழங்கியிலிருந்து நேரடியாக இழுத்தால், நம் கருவியைத் திறக்கும் ஒவ்வொருவரின் இணைய முகவரியும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். எழுத்துருக் கோப்பை டூல்ஃபோர்ஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தவறுதலாக எதையாவது உடைத்துவிட்டால்?

உடையும். விக்கிப் பக்கங்களில் நடந்ததை வரலாற்றிலிருந்து மீட்கலாம். நிரலைக் களஞ்சியத்திலிருந்து மீட்கலாம். கருவியின் சொந்தத் தரவுத்தளத்தை மட்டும் வேறு எவரும் நமக்காகக் காத்து வைப்பார்கள் என்று எண்ணக் கூடாது, அதன் காப்புப் பிரதி நம் பொறுப்பு. உடைத்தவர் உடனே சொல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு தண்டனை எதுவும் எங்களிடம் இல்லை.

சம்பளம் உண்டா? சான்றிதழ் தருவீர்களா?

இரண்டும் இல்லை. தேநீர் உண்டு. நீங்கள் செய்த மாற்றங்கள் உங்கள் பெயரில் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் காட்டலாம்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அது தடையாகுமா?

உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதப்படும் நிரலின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலை தருபவருக்கே உரியது. கொழும்பில் சில ஒப்பந்தங்கள் அதற்கும் மேலே போய், ஓய்வு நேரத்தில் எழுதுவதையும் கோருகின்றன. டூல்ஃபோர்ஜில் உள்ள நிரல் அனைத்தும் திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளியிடப்பட வேண்டும் என்பது அதன் விதி, எனவே உங்களுக்கு உரிமையில்லாத நிரலை நீங்கள் வெளியிட முடியாது. மேலாளரிடமிருந்து ஒரு வரி எழுத்துமூல அனுமதி வாங்கி வைத்தால் போதும். கேட்டவர்களில் மறுக்கப்பட்டவர் எங்கள் குழுவில் எவருமில்லை. அலுவலக மடிக்கணினியில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வெளிநாடு போய்விட்டால் அல்லது தொடர முடியாமல் போனால்?

போகிறவர்களைக் குறை சொல்ல இந்த ஊரில் எவருக்கும் மனம் வராது. விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் இடத்துக்கு வருபவரோடு ஒருமுறை உட்கார்ந்து, அவர் கையாலேயே கருவியை நிறுத்தி மீண்டும் ஓட வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டுவது போதாது, அவர் செய்ய வேண்டும். கையேட்டில் இல்லாத படி ஏதாவது உங்கள் வாயிலிருந்து வந்தால் அதை அங்கேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிவிடுங்கள். போன பின்பு நேரம் கிடைத்தால் பட்டியலில் தொடர்ந்து இருக்கலாம், இல்லையென்றால் உங்கள் பெயரை நீங்களே நீக்கிவிடுவது பிறருக்கு உதவி.

ஏற்கெனவே கைவிடப்பட்ட கருவி ஒன்றை நான் எடுத்து நடத்தலாமா?

நடத்தலாம். பராமரிப்பாளரைத் தொடர்புகொள்ள நேர்மையாக முயன்றும் பதில் கிடைக்காவிட்டால், டூல்ஃபோர்ஜில் அதற்கென ஒரு கொள்கையும் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவும் உள்ளன. நிரலில் உரிமம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அவற்றுக்குக் காத்திராமல் நிரலைப் பிரதியெடுத்து வேறு பெயரில் தொடங்குவதும் ஆகும். உரிமக் கோப்பு இல்லாத கருவிகளில்தான் தலையிடி. எனவே நீங்கள் பராமரிக்கும் எந்தக் கருவியிலும் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சிங்கள மொழி நண்பர்களும் வரலாமா?

தாராளமாக. சிங்கள விக்கிக்கும் இதே நேரச் சிக்கலும் இதைப் போன்ற எழுத்துச் சிக்கல்களும் உண்டு. கூட்டத்தில் மூன்று மொழியும் கலந்துதான் ஒலிக்கும்.

எப்படிச் சேர்வது?

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளவத்தையில் கூடுகிறோம். வீடு மாறி மாறி இருப்பதால், எங்களில் எவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள், இடத்தை அறியத் தருவோம். மடிக்கணினி இருந்தால் கொண்டு வாருங்கள். முதல் நாளில் எவரிடமும் நிரல் எழுதச் சொல்வதில்லை. ஒரு கருவியின் கையேட்டைக் கையில் தந்து, அதில் உள்ளபடியே செய்து பார்க்கச் சொல்வோம், எந்த வரியில் நீங்கள் தடுக்கி நிற்கிறீர்களோ அந்த வரியைத் திருத்தி எழுதுவதே உங்கள் முதல் வேலை.